கோர்ட் காகிதத்தில் எந்த எண் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க்காக இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. போன இதழில் ஜாமீன் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜாமீனை விட்டுவிட்டு எண்களைப் பற்றிக் கேட்கின்றன. எந்த எண்ணை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஜன்னல் ஜன்னலாக அலைகிறவர்கள் எழுதியவை. அதனால் இந்த இதழ் முழுக்க எண்களுக்கே. எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். பதில்களில் வரும் வழக்கு எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

கேள்வி: என் மகன் 2022-இல் ஒரு அடிதடி கேஸில் கைதாகி ஜாமீனில் வந்தான். எப்.ஐ.ஆர். நகலும் ஜாமீன் உத்தரவும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போய் அதில் உள்ள நம்பர்களைச் சொன்னால், "இது இல்லம்மா, கேஸ் நம்பர் கொண்டா" என்கிறார்கள். வக்கீல் போனை எடுப்பதில்லை. வாரண்டு போட்டிருப்பார்களோ என்று தூக்கமே வருவதில்லை.
- ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, உங்களிடம் இருக்கும் இரண்டும் சரியான எண்கள்தான். கோர்ட் கேட்பது மூன்றாவதாக ஒன்றை.

எப்.ஐ.ஆரில் இருப்பது குற்ற எண். அது ஸ்டேஷன் பதிவேட்டின் எண். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜனவரி 1-ஆம் தேதி ஒன்றில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை ஓடும். மறு வருடம் மறுபடி ஒன்று. குற்ற எண் 112/2022 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 112/2022 ராயபுரம் என்-1 ஸ்டேஷனிலும் இருக்கும், வண்ணாரப்பேட்டை எச்-1-லும் இருக்கும், தண்டையார்பேட்டை எச்-3-லும் இருக்கும். ஸ்டேஷன் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ஜாமீன் உத்தரவில் இருப்பது அந்த மனுவின் எண். குற்றவியல் இதர மனு எண் என்றோ, கிரிமினல் எம்.பி. என்றோ போட்டிருக்கும். ஜாமீன் கேட்கும் மனு, ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கும் மனு, பிடித்து வைத்த பைக்கைத் திருப்பிக் கேட்கும் மனு, எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் விழும். உத்தரவு வந்த அன்றோடு அதன் வேலை முடிந்தது. அதைச் சொல்லி அடுத்த வாய்தா கேட்டால் எழுத்தரால் எதையும் பார்த்துச் சொல்ல முடியாது.

கேஸ் நம்பர் விழுவது குற்றப்பத்திரிகைக்குப் பிறகு. அதுவும் போலீஸ் கொண்டு வந்து கொடுத்த உடனே விழாது. முதலில் தாக்கல் எண் மட்டும் போடுவார்கள். பிறகு அலுவலகத்தில் வழக்குக் கட்டைப் பிரித்துச் சரிபார்ப்போம். எத்தனை எதிரிகளோ (குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) அத்தனை செட் நகல் இருக்கிறதா, காயச் சான்றிதழ் இருக்கிறதா, பட்டியலில் உள்ள சாட்சிகள் எல்லோருடைய வாக்குமூலமும் இருக்கிறதா, கைப்பற்றிய பொருள் கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டதா? ஒன்று குறைந்தாலும் குறையை எழுதி ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்புவோம். அப்படி 'ரிட்டர்ன்' ஆன கட்டு மாதக்கணக்கில் திரும்பி வராமல் கிடப்பதும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்துக் கோப்புக்கு எடுப்பார். அதன் பிறகுதான் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தில், கோர்ட் முத்திரைக்குப் பக்கத்தில், சி.சி. எண் எழுதப்படும். காலண்டர் கேஸ் என்பதன் சுருக்கம் அது. "நம்பர் ஆயிடுச்சா?" என்று வக்கீல் குமாஸ்தாக்கள் கேட்பது இதைத்தான்.

கொலை, கொலை முயற்சி போல செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்காக இருந்தால் சி.சி.க்குப் பதிலாக பி.ஆர்.சி., அதாவது பிரிலிமினரி ரிஜிஸ்டர் கேஸ் எண் விழும். எதிரிகளுக்கு நகல்களைக் கொடுத்துவிட்டு, மாஜிஸ்திரேட் கட்டை செஷன்ஸுக்கு அனுப்பிவிடுவார். கமிட்டல் என்பது இதுதான். அங்கே போனதும் எஸ்.சி. எண், அதாவது செஷன்ஸ் கேஸ். உயர் நீதிமன்ற வளாகத்தில் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்க, பழைய பி.ஆர்.சி. எண்ணோடு ஜார்ஜ் டவுனில் காத்திருந்து வாய்தாவைத் தவறவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் பிடிவாரண்டு. வேண்டுமென்றே வராமல் இருப்பவனுக்கும் தவறான கோர்ட்டில் நிற்பவனுக்கும் பதிவேட்டில் ஒரே வரிதான் எழுதப்படும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் எப்.ஐ.ஆர். எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனது என்பது ஜாமீன் உத்தரவிலேயே இருக்கும். அந்தக் கோர்ட்டுக்குக் காலையில் போங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் கோர்ட் வேலைக்கென்று ஒரு காவலர் வருவார். குற்றப்பத்திரிகை, சம்மன், வாரண்டு எல்லாம் அவர் கை வழியாகத்தான் போய் வரும். "மீன்பிடித் துறைமுக ஸ்டேஷன் கோர்ட் போலீஸ் யாரு?" என்று கேளுங்கள். குற்ற எண்ணைச் சொன்னால் சி.சி. எண் ஆகிவிட்டதா, ரிட்டர்னில் இருக்கிறதா, இன்னும் தாக்கலே ஆகவில்லையா என்று அவரால் சொல்ல முடியும். வீட்டில் யாராவது போன் பார்ப்பவர்கள் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் எப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடும் பகுதி இருக்கிறது. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம், ஸ்டேஷன், எண், ஆண்டு என்று வரிசையாகக் கேட்கும். நிலுவை வழக்கில் ஒன்றும் வரவில்லையென்றால் முடிந்த வழக்கு என்பதையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வாரண்டு இருப்பதாகத் தெரிந்தால் மகனை ஒளித்து வைக்காதீர்கள். வக்கீலோடு அவனே கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடட்டும். தானாக வந்தவனையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவனையும் கோர்ட் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வேறு வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: இ-கோர்ட்ஸில் ஒரே வழக்குக்கு மூன்று எண்கள் காட்டுகிறது. எதை எழுதி வைத்துக்கொள்வது?
- கல்லூரி மாணவி, ராயபுரம்

பதில்: மூன்றையும் எழுதிக்கொள், அம்மா. தாக்கல் எண், பதிவு எண், சி.என்.ஆர். எண். பதிவு எண் என்பதுதான் மேலே சொன்ன சி.சி., எஸ்.சி. வகை. சி.என்.ஆர். மொத்தம் 16 இடம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு இடம் நீதிமன்ற அமைப்பு, பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. நாடு முழுக்க வேறு எந்த வழக்குக்கும் அந்த 16 இடம் வராது. அதனால் மாநிலம், மாவட்டம் எதையும் தேர்ந்தெடுக்காமல் நேரே அதைப் போட்டே அடுத்த வாய்தாவைப் பார்க்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்கள், இகோர்ட்ஸ் என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, பிறகு சி.என்.ஆர். எண் என்று 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் பதில் வரும். கமிட்டல் ஆகி வேறு கோர்ட்டுக்குப் போன வழக்கை மட்டும் புதிதாகத் தேடிப் பார்க்க வேண்டும். திருவொற்றியூர் பக்கத்து வழக்குகள் சென்னை மாவட்டத்தில் வராவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்தையும் ஒரு முறை தேடுங்கள்.

கேள்வி: செல்போன் பறித்ததாக என் பையனை டிசம்பர் 2024-இல் பிடித்துப் போனார்கள். எப்.ஐ.ஆரில் 304 என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "அது மரண கேஸாச்சே" என்றார். பையன் யாரையும் தொடவில்லை என்கிறான். கொலை கேஸில் கோர்த்துவிட்டார்களா?
- கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய்

பதில்: இல்லை, அம்மா. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அந்த 304-க்கு முன்னால் என்ன சட்டம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பி.என்.எஸ். என்று இருக்கும்.

2024 ஜூலை 1-இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய சட்டத்தில் 304 என்றால் கொலையாகாத மரணம் விளைவித்தல். புதிய சட்டத்தில் 304 என்றால் பறிப்பு: சங்கிலி, செல்போன், பை எதுவானாலும் திடீரென்று பிடுங்கிக்கொண்டு போவது. அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு சிறையும் அபராதமும். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே விசாரிப்பார்கள்.

வடசென்னையில் சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்கள் சொல்வது பழைய எண். 302 என்றால் கொலை என்பது ஒவ்வொருவர் வாயிலும் இருக்கிறது. புதிய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை 103, அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலை முயற்சி 307 இப்போது 109. திருட்டு 379 இப்போது 303(2). மோசடி 420 இப்போது 318(4). கவனக்குறைவால் மரணம் 304ஏ இப்போது 106(1). சம்பவம் 2024 ஜூலைக்கு முன் நடந்திருந்தால், விசாரணை இன்றைக்கு நடந்தாலும் பழைய எண்தான் பொருந்தும். ஆகவே எண்ணைப் படிக்கும் முன் சட்டத்தின் பெயரையும் சம்பவத் தேதியையும் படியுங்கள். குற்றச்சாட்டு சின்னது என்று நான் சொல்லவில்லை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றமும் இல்லை அது. ஆனால் நீங்கள் பயந்த விஷயம் அது இல்லை.

கேள்வி: எஸ்.டி.சி. என்று எண் போட்டு சம்மன் வந்திருக்கிறது. குற்ற எண் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால் "எங்களிடம் எந்த கேஸும் இல்லை" என்கிறார்கள். போலி சம்மனா?
- சிறு வியாபாரி, சவுக்கார்பேட்டை

பதில்: போலி என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள், அண்ணா. உங்கள் செக் ஏதாவது பணமில்லாமல் திரும்பியதா என்று யோசித்துப் பாருங்கள். செக் வழக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் பணம் வரவேண்டியவரே நேராக மாஜிஸ்திரேட்டிடம் போடுவது. போலீஸ் இடையில் இல்லை, அதனால் குற்ற எண்ணும் இல்லை. சுருக்க விசாரணை என்பதால் எஸ்.டி.சி.; சில கோர்ட்டில் சி.சி. என்றே வரும். சம்மனில் உள்ள கோர்ட், எண், தேதி மூன்றையும் வைத்து வக்கீலைப் பாருங்கள். சமரசம் பேசி முடித்துக்கொள்ள 147-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கேள்வி: 2014-இல் நடந்த ஒரு கொலை முயற்சி வழக்கில் என் மகன் நான்காவது எதிரி. சில வாய்தாவுக்குப் போனான். அப்புறம் வேலைக்கென்று வெளிமாநிலம் போய்விட்டான். மற்ற மூன்று பேரும் 2019-இல் விடுதலை ஆனார்கள். கேஸ் முடிந்தது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். போன மாதம் வாரண்டோடு போலீஸ் வந்தது. முடிந்த கேஸுக்கு எப்படி வாரண்டு வரும்?
- ஒரு தகப்பனார், திருவொற்றியூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படி எத்தனையோ பிள்ளைகள், கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு விடியற்காலையில் பிடித்துக்கொண்டு வரப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க கேஸ்தான் முடிஞ்சிடுச்சே!"

முடிந்தது மற்ற மூவரின் கேஸ். அந்தத் தீர்ப்பின் நகலை எங்கேயாவது வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் எதிரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும்: ஏ1, ஏ2, ஏ3. நான்காவது பெயர் அங்கே இருக்காது, அல்லது பெயருக்கு எதிரே 'வழக்கு பிரிக்கப்பட்டது' என்று ஒரு சின்ன வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் உங்கள் மகனின் இத்தனை வருடமும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஒருவர் தொடர்ந்து வராவிட்டால், வந்துகொண்டிருக்கும் மற்றவர்களையும் அவருக்காகக் காக்க வைக்கக் கூடாது என்று அவர் பங்கை மட்டும் கோர்ட் தனியாகப் பிரித்துவிடும். பிரித்த வழக்குக்குப் புது எண் விழும். கமிட்டலுக்கு முன்னால் காணாமல் போயிருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புது பி.ஆர்.சி. எண், செஷன்ஸுக்குப் போன பிறகென்றால் அங்கே புது எஸ்.சி. எண். ஆள் கிடைக்காமல் ரொம்ப நாள் இழுத்தால் நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றி எல்.பி.சி. என்று ஓர் எண் தருவார்கள். எல்.பி.சி. ஆகிவிட்டால் மாதா மாத வாய்தா இருக்காது. வாரண்டு மட்டும் உயிரோடு இருக்கும்.

அதனால் பழைய எஸ்.சி. எண்ணை வைத்துத் தேடினால் முடிந்த வழக்கு என்று காட்டும், நீங்களும் நம்புவீர்கள். குற்ற எண்ணை வைத்துத் தேடுங்கள். எண்கள் பிரிந்தாலும் குற்ற எண் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். போலீஸ் கொண்டு வந்த வாரண்டிலும் இப்போதைய எண் எழுதியிருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

எண் கிடைத்ததும் இரண்டு வழி. மகன் அந்தக் கோர்ட்டில் ஆஜராகி ரீகால் மனு போட்டு, பிறகு விசாரணையைச் சந்திப்பது ஒன்று. மற்றவர்கள் விடுதலையான அதே சாட்சியம்தான் இவருக்கும் என்றால், உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் ஓ.பி., அதாவது குற்றவியல் அசல் மனு போட்டு வழக்கை ரத்து செய்யக் கேட்பது இன்னொன்று. அப்படி ரத்தான வழக்குகள் உண்டு. ஆனால் மற்றவர்கள் விடுதலை ஆனதாலேயே இவரும் தானாக விடுதலை ஆகிவிட மாட்டார். அந்த 2019 தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனு போடுங்கள். எந்த வக்கீலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாறையால் அடித்து என் கணவருக்குக் கை முறிந்தது. ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். சி.எஸ்.ஆர். எண் போட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். கேஸ் போட்டாச்சு என்று நினைத்தோம். இப்போது அப்படி இல்லை என்கிறார்கள்.
- வாசகி, வியாசர்பாடி

பதில்: இல்லைதான், அம்மா. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. கோர்ட்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை வைத்து ஆளைக் கைது செய்யவும் முடியாது, குற்றப்பத்திரிகை போடவும் முடியாது. குற்ற எண் விழுந்தால்தான் வழக்கு.

எலும்பு முறிவு கொடுங்காயம். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)-இன்படி மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மேலதிகாரி அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். அதைத் தாண்டி இழுக்க முடியாது.

மருத்துவமனையில் கொடுத்த விபத்துப் பதிவேட்டு நகலில் ஓர் எண் இருக்கும். சி.எஸ்.ஆர். சீட்டோடு அதையும் சேர்த்து, துணை ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் சட்டம் உங்களுக்குத் தந்தவை. ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு நடந்த கொடுமைக்குப் புகார் கொடுத்தோம். காவல்துறை தளத்தில் எப்.ஐ.ஆரைத் தேடினால் வரவில்லை. அமுக்கிவிட்டார்களா?
- ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: அம்மா, அது உங்கள் குழந்தையைக் காப்பாற்றுவதற்காக மறைத்து வைக்கப்பட்டது. எப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்களையும் போக்சோ வழக்குகளையும் ஏற்றக் கூடாது என்று அதே உத்தரவில் விலக்கி வைத்தது. குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக் கூடாது. தீர்ப்பில்கூடப் பெயருக்குப் பதில் சாட்சி எண்தான் வரும். நகல் உங்கள் கையில் தரப்பட வேண்டும்; தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும்; எண்ணுக்கு முன்னால் ஸ்பெஷல் எஸ்.சி. என்று இருக்கும். அந்த எண்ணை உறவுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கேள்வி: என் பெயரும் அப்பா பெயரும் எங்கள் பகுதியில் ஒரு வழிப்பறி எதிரிக்கும் அப்படியே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பின்னணி விசாரணை செய்து, என் மேல் வழக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, உன் கோபம் நியாயமானது. வழக்கு எண் வழக்கை அடையாளம் காட்டும். ஆளை அடையாளம் காட்டாது. பெயரைப் போட்டுத் தேடி முதலில் வந்ததை எடுத்துக் கொடுக்கும் தனியார் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரமில்லை.

கோர்ட் கட்டில் ஆளுக்கான அடையாளங்கள் வேறு. த/பெ என்று தகப்பன் பெயர், வயது, கதவு எண்ணோடு முகவரி, 'என்கிற' போட்டு எழுதிய பட்டப் பெயர், கைது அட்டையில் எழுதும் மச்சம், தழும்பு. இப்போது கைதாகிறவர்களின் கைரேகையை நாஃபிஸ் என்ற தேசிய அமைப்பில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பத்து இலக்க எண் கொடுக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை வழக்கு வந்தாலும் அந்த ஆளுக்கு அந்த ஒரே எண். 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தின்படி அந்தப் பதிவை 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையில்லாமல் விடுவிக்கப்பட்டாலோ விடுதலை ஆனாலோ, கோர்ட் வேறுவிதமாகச் சொல்லாத வரை அதை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அந்த நிறுவனத்திடம் வழக்கு எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கு. அந்த வழக்கின் குற்றப்பத்திரிகைக்கு நகல் மனு போடு. வழக்கில் சம்பந்தமில்லாதவர் காரணம் காட்டி மனு போடலாம். வயது, முகவரி, அடையாளம் எதுவும் உனக்குப் பொருந்தாது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நீ அந்த எதிரி இல்லை என்று எழுத்தில் வாங்கவும் மனு கொடு. இரண்டையும் வைத்து நிறுவனத்துக்கு எழுது.

கேள்வி: 2017-இல் தெருத் தகராறில் என் பெயரையும் எப்.ஐ.ஆரில் சேர்த்தார்கள். அதன் பிறகு ஒரு சம்மன்கூட வரவில்லை. பாஸ்போர்ட் விசாரணையில் இப்போது வழக்கு இருப்பதாக எழுதிவிட்டார்கள்.
- வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எப்) சொல்வது கிரிமினல் கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கை. எப்.ஐ.ஆர். மட்டும் இருந்து கோர்ட் கோப்புக்கு எடுக்காத நிலையில் அது நிலுவை வழக்காகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆகவே உங்கள் குற்ற எண்ணுக்கு சி.சி. எண் விழுந்ததா என்பதுதான் கேள்வி. விழவில்லையென்றால் அதை எழுத்தில் காட்டுங்கள். விழுந்திருந்தால் அந்தக் கோர்ட்டிலேயே மனு போட்டு அனுமதி வாங்கலாம். 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை அதற்கு வழி செய்கிறது. மூன்றாவதாக, விசாரித்து முடித்து மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக ஸ்டேஷன் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பியிருக்கலாம். ஆர்.சி.எஸ். என்பார்கள். அதற்கான நோட்டீஸ் புகார் கொடுத்தவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. கோர்ட்டில் அந்த அறிக்கையின் நகலை வாங்கிப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: தமிழில் வந்த ஒரு தீர்ப்பில் அ.சா.3, அ.சா.ஆ.7, சா.பொ.2 என்று வருகிறது. எங்கள் அண்ணன் பெயரே இல்லை.
- வாசகி, பெரம்பூர்

பதில்: அ.சா. அரசு தரப்பு சாட்சி, அ.சா.ஆ. அரசு தரப்புச் சான்று ஆவணம், சா.பொ. சான்றுப் பொருள். தீர்ப்பின் கடைசியில் பட்டியல் இருக்கும். அண்ணன் எத்தனையாவது சாட்சி என்று அங்கே பார்த்துக்கொண்டு பிறகு முதலிலிருந்து படியுங்கள்.

கேள்வி: தம்பி புழலில் இருக்கிறான். அவன் கேஸில் ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் வெளியே விடவில்லை. குண்டாஸ் போட்டிருக்கிறது என்கிறார்கள். ஒரு தடித்த புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏகப்பட்ட எண்கள். எதைப் பார்ப்பது?
- அக்கா, புளியந்தோப்பு

பதில்: தங்கச்சி, ஜாமீன் கிடைத்தது குற்ற எண்ணில். தம்பியைப் பிடித்து வைத்திருப்பது தடுப்புக் காவல் உத்தரவு. அது குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின்படி மாநகரக் காவல் ஆணையர் போட்டது. அதற்குத் தனி எண் உண்டு. எண்ணோடு ஆங்கில எழுத்துகள் கொத்தாக வரும், அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்ட வகைகளின் முதல் எழுத்துகள் அவை. ஜாமீன் உத்தரவை எத்தனை முறை காட்டினாலும் இந்த எண்ணுள்ள உத்தரவு நிற்கும் வரை சிறையிலிருந்து வெளியே விட மாட்டார்கள். அதிகபட்சம் 12 மாதம்.

அந்தத் தடித்த புத்தகத்தை புக்லெட் என்பார்கள். தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் உத்தரவு. அடுத்து காரணங்கள்: முந்தைய வழக்குகளின் குற்ற எண்கள், கடைசியாக நடந்த வழக்கின் குற்ற எண். அதற்குப் பின்னால் ஒவ்வொரு வழக்கின் காகிதங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குற்ற எண்ணையும் எழுதி, எதிரே மூன்று விஷயத்தைப் பாருங்கள். அந்த எப்.ஐ.ஆரில் உண்மையிலேயே தம்பி பெயர் இருக்கிறதா? அந்த வழக்கு ஏற்கெனவே விடுதலையில் முடிந்ததா? அதில் ஜாமீன் கிடைத்ததா, மனு நிலுவையில் இருந்ததா? பக்கங்கள் படிக்க முடியாமல் கறுத்துப் போயிருந்தாலோ, தம்பிக்குத் தெரியாத மொழியில் இருந்தாலோ அதையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். காரணங்கள் ஐந்து நாளுக்குள் தம்பி கையில் தரப்பட்டனவா, அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் கொடுத்ததா என்ற தேதிகளும் முக்கியம். உயர் நீதிமன்றத்தில் எச்.சி.பி., அதாவது ஆட்கொணர்வு மனு போடும்போது வக்கீல் வாதாடுவது இந்தப் பிழைகளை வைத்துத்தான். இதில் எவ்வளவோ உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

அரசுக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் தம்பி பெயரில் முறையீடு அனுப்புங்கள், தடுப்புக் காவல் உத்தரவு எண்ணையும் தேதியையும் மேலே எழுதி. அனுப்பிய தபால் ரசீதை புக்லெட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பதில் சொல்லத் தாமதம் ஆனால் அதுவும் ஒரு வாதம். சிறையில் இருப்பவர் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தம்பியை நேரில் பார்க்க, அதாவது மனு பார்க்க, புழலுக்குப் போகும்போது தம்பியின் சிறை எண்ணையும் உங்கள் ஆதார் நகலையும் எடுத்துப் போங்கள், அந்த நோட்டில் எழுதிய குற்ற எண்களை அவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, எது அவன் வழக்கு, எது இல்லை என்று கேட்டு டிக் போட்டு வாருங்கள்.